கேள்வித்தாள் வருவதற்கு ஓராண்டு முன்பு

மென்பொருள் நிறுவனத்தில் அனலிஸ்ட் ரிலேஷன்ஸ், அதாவது தொழில்துறை ஆய்வாளர்களோடு உறவைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்பவரிடம் முதல் வாரமே ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்த வருஷம் மேஜிக் குவாட்ரன்டில் லீடர் கட்டத்துக்குள் போய்விடுவோமா?" மேஜிக் குவாட்ரன்ட் என்பது கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு துறையின் நிறுவனங்களை மதிப்பிட்டு, நான்கு கட்டங்கள் கொண்ட படத்தில் புள்ளிகளாக வைக்கும் அறிக்கை; முன்னணியில் இருப்பவர்களுக்கான கட்டம் லீடர். அந்தக் கேள்வி கேட்கப்படும் நேரத்தில் மதிப்பீட்டுக்கான கேள்வித்தாள் பெரும்பாலும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்திருக்கும். அதை நிரப்பித் தரச் சில வாரங்கள்தான் இருக்கும். அந்தச் சில வாரங்களில் செய்யக்கூடியது, ஏற்கெனவே இருப்பதைத் தெளிவாக எழுதித் தருவது மட்டுமே. புள்ளி எங்கே விழும் என்பதில் பெரும்பகுதி அதற்கு முந்தைய 12 மாதங்களில் முடிவாகியிருக்கும். இந்த வேலையின் மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

இங்கே அனலிஸ்ட் என்பவர் பங்குச் சந்தை ஆய்வாளர் அல்ல. தொழில்நுட்பம் வாங்குகிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில்துறை ஆய்வாளர். 1964-இல் தொடங்கிய ஐடிசி, 1979-இல் கிடியன் கார்ட்னர் தொடங்கிய கார்ட்னர், 1983-இல் ஜார்ஜ் காலனி தொடங்கிய ஃபாரஸ்டர் ஆகிய மூன்றும் பெரியவை. ஐ.டி. சேவை நிறுவனங்களுக்கு எவரெஸ்ட் குரூப், ஐஎஸ்ஜி, ஹெச்எஃப்எஸ் ஆகியவையும் அதே அளவு முக்கியம். கார்ட்னரின் மேஜிக் குவாட்ரன்ட், ஃபாரஸ்டரின் வேவ், ஐடிசியின் மார்க்கெட்ஸ்கேப், எவரெஸ்டின் பீக் மேட்ரிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் உண்டு. படத்தில் நம் நிறுவனம் ஒரு புள்ளி.

படத்துக்குப் பின்னால் ஒரு தொலைபேசி

அனலிஸ்டின் செல்வாக்கு அந்தப் படத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒரு வங்கியின் ஐ.டி. தலைவர் மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடும் முன், தன் நிறுவனம் சந்தா கட்டியிருக்கும் ஆய்வு நிறுவனத்தை அழைத்து, அந்தத் துறையைக் கவனிக்கும் அனலிஸ்டோடு 30 நிமிடம் பேசுகிறார். "இந்த மூன்றில் யாரை விட்டுவிடலாம்? இந்த விலை சரியா? ஒப்பந்தத்தில் எந்த ஷரத்தைக் கவனிக்க வேண்டும்?" இந்த அழைப்புக்கு என்குவைரி என்று பெயர். ஒரு அனலிஸ்ட் ஆண்டு முழுக்க இப்படிப் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த உரையாடல்கள் எதுவும் நமக்குத் தெரிய வராது. வாய்ப்பு கைநழுவும்போது விற்பனைப் பிரிவு 'விலை அதிகம் என்றார்கள்' என்று பதிவு செய்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஆனால் அந்த அழைப்புகளில் கேட்டதெல்லாம் அனலிஸ்டின் மனத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். 'இந்த நிறுவனத்தில் சப்போர்ட் பதில் வர இரண்டு நாள் ஆகிறது' என்று நான்கு வாடிக்கையாளர்கள் தனித்தனியாகச் சொல்லியிருந்தால், கேள்வித்தாளில் நாம் எழுதும் '24 மணி நேர ஆதரவு' என்ற வரிக்கு அவரிடம் மதிப்பு இருக்காது. அறிக்கையில் வரும் குறை வாசகத்தின் வேர் பெரும்பாலும் இப்படிப்பட்ட அழைப்புகளில்தான் இருக்கும்.

ஆகவே முதல் மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் சிஆர்எம் மென்பொருளில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'வாங்குபவர் அனலிஸ்டிடம் பேசினாரா? எந்த நிறுவனம்? யார்?' வாடிக்கையாளரிடம் இதை நேரடியாகக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. இரண்டு காலாண்டுத் தரவு சேர்ந்ததும், நம் சந்தையில் உண்மையில் யாருடைய சொல் எடுபடுகிறது என்பது தெரிந்துவிடும். எக்ஸ் தளத்தில் (முன்பு ட்விட்டர்) நிறையப் பேர் பின்தொடரும் அனலிஸ்டும், வாங்குபவர்கள் அழைக்கும் அனலிஸ்டும் பல நேரங்களில் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள்.

இந்தத் தரவை வைத்துப் பட்டியல் போடுங்கள். முதல் அடுக்கில் 5 முதல் 8 பேர் போதும். 40 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பிக்கொண்டிருந்தால் யாரிடமும் உறவு வளராது. முதல் அடுக்கில் இருக்கும் ஒவ்வொருவர் பற்றியும் அவர் கடைசியாக எழுதிய மூன்று அறிக்கைகளை நீங்கள் முழுசாகப் படித்திருக்க வேண்டும். இன்னொரு குறிப்பு: அறிக்கையின் முதல் ஆசிரியரை மட்டும் பார்க்காதீர்கள். மூன்றாவதாகப் பெயர் வரும் இளைய அனலிஸ்ட் இரண்டு ஆண்டில் முதல் ஆசிரியராகிவிடலாம். ஆய்வு நிறுவனங்களில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒரே ஆளை நம்பிக் கட்டிய உறவு அவர் விலகிய அன்றே பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

பிரீஃபிங் வேறு, என்குவைரி வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் அதிகம். பிரீஃபிங்கில் நாம் பேசுவோம், அவர் கேட்பார். இதற்குச் சந்தா தேவையில்லை. கார்ட்னர் உட்படப் பெரிய நிறுவனங்களில் வாடிக்கையாளர் அல்லாதவர்களும் பிரீஃபிங்குக்கு விண்ணப்பிக்கலாம். என்குவைரியில் நாம் கேட்போம், அவர் சொல்வார். இதற்குச் சந்தா வேண்டும். பிரீஃபிங்கில் 'எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது, வர வேண்டிய இடமும் அதுவல்ல.

30 நிமிட பிரீஃபிங்குக்கு 8 முதல் 10 ஸ்லைடு போதும். 60 நிமிடம் என்றாலும் 15-ஐத் தாண்ட வேண்டாம். கம்பெனி வரலாறு, அலுவலகக் கட்டடப் படம், விருதுகள், 60 வாடிக்கையாளர் லோகோக்கள் நெருக்கிய பக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முதல் 3 நிமிடத்தில் யாருக்காக எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கடந்த முறை பேசியதிலிருந்து என்ன மாறியது என்பதற்கு 5 நிமிடம். பெயர் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களின் அனுபவத்துக்கு 7 நிமிடம். அடுத்த 12 மாதத் திட்டத்துக்கு 5 நிமிடம். மீதி 10 நிமிடம் அவர் கேட்பதற்கு. அந்தப் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும் பிரீஃபிங் தோற்ற பிரீஃபிங். ஏனென்றால் அவர் கேட்கும் கேள்விகள்தான் நமக்கு அதில் கிடைக்கும் ஒரே தகவல். கேள்விகளை அவருடைய வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'விலையைப் பற்றிக் கேட்டார்' என்ற குறிப்பு ஒன்றுக்கும் உதவாது. 'ஒரு பயனருக்கு இவ்வளவு என்பதிலிருந்து பயன்பாட்டு அளவுக்கு மாறினால் பழைய வாடிக்கையாளர்களை என்ன செய்வீர்கள் என்றார்' என்பது ஆறு மாதம் கழித்தும் உதவும்.

பேச வேண்டியவர் தயாரிப்பு மேலாளர். மார்க்கெட்டிங் தலைவர் பேசினால் சொற்கள் மெருகாக இருக்கும், இரண்டாவது கேள்வியிலேயே பதில் தீர்ந்துவிடும். ஸ்லைடுகளை 2 வேலை நாள் முன்பே அனுப்புங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் 'வெளியிடலாம்' அல்லது 'வெளியிட வேண்டாம்' என்று எழுதுங்கள். கூட்டத்தின் தொடக்கத்தில் வாயாலும் சொல்லுங்கள். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், இன்னும் வெளியிடாத வருவாய் எண் எதையும் சட்டப் பிரிவைக் கேட்காமல் வாய்விடக் கூடாது. இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 உள்வணிகத் தடை விதிகள் இருக்கின்றன. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற, சென்னையில் பிறந்த நிறுவனங்களுக்கு அமெரிக்க விதிகளும் உண்டு.

கூட்டத்தில் 'பிறகு சொல்கிறோம்' என்று ஒத்திவைத்த பதில்கள் 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அவர் நினைவூட்ட மாட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

நேர வித்தியாசம் சின்ன விஷயமாகத் தோன்றும்; ஆனால் தவறிய கூட்டங்களில் பல இதனால்தான் தவறுகின்றன. கார்ட்னரின் தலைமையகம் இருக்கும், அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் இரவு 9.30 அல்லது 10.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரத்தில் லண்டன் அனலிஸ்டும் நியூயார்க் அனலிஸ்டும் சேர்ந்து வரும் அழைப்புகள் குழம்பும். அழைப்பிதழை அனலிஸ்டின் ஊர் நேரத்தில் போடுங்கள். நம் ஆட்கள் மாறிக்கொள்ளட்டும்.

என்குவைரிக்கு வருவோம். 30 நிமிடத்தில் ஒரு முடிவைப் பற்றி மட்டும் கேளுங்கள். 'சந்தை எப்படிப் போகிறது' என்று கேட்டால் அவர் ஏற்கெனவே எழுதியதைத் திரும்பச் சொல்வார். 'நடுத்தர நிறுவனங்களுக்கான தொகுப்பில் தணிக்கைப் பதிவு வசதியைச் சேர்க்கலாமா, தனியாக விற்கலாமா என்று யோசிக்கிறோம். உங்களை அழைக்கும் வாடிக்கையாளர்கள் அதை அடிப்படைத் தேவையாக எதிர்பார்க்கிறார்களா?' என்று கேட்டால் பதில் காசு பெறும். அவர் சொல்வது பிடிக்காவிட்டாலும் வாதாட வேண்டாம். வாதாடிய நிமிடத்தில் அவர் பேசுவதை நிறுத்திக்கொள்வார். சொன்னதைச் செய்தால் அடுத்த பிரீஃபிங்கில் 'போன ஜூனில் நீங்கள் சொன்னதை வைத்து இப்படி மாற்றினோம், இதுதான் விளைவு' என்று காட்டுங்கள். செய்யாவிட்டாலும் ஏன் செய்யவில்லை என்று சொல்லுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் அதுவும் நம் பக்கம் எடை சேர்க்கும்.

சந்தா கட்டினால் புள்ளி மேலே போகும் என்று விற்பனைப் பிரிவில் ஒரு நம்பிக்கை சுற்றும். சந்தாவால் கிடைப்பது அனலிஸ்டோடு பேசும் நேரம். அந்த நேரத்தைப் பயன்படுத்தித் தயாரிப்பைச் சரிசெய்தால் பலன் உண்டு. பணம் கட்டி என்குவைரி ஒன்றுகூடக் கேட்காமல் ஆண்டை ஓட்டும் நிறுவனங்கள் ஏராளம். அங்கே அந்தத் தொகை வீண்.

எண்களுக்கு ஒரே தாள்

அனலிஸ்டின் நம்பிக்கையை அதிகம் கெடுப்பது பொய் அல்ல, முரண். மார்ச் பிரீஃபிங்கில் '2,000 வாடிக்கையாளர்கள்' என்றிருப்போம். இணையதளத்தில் '5,000 நிறுவனங்கள் நம்புகின்றன' என்றிருக்கும். கேள்வித்தாளில் நிதிப் பிரிவு '1,640' என்று எழுதும். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஒன்று இலவசப் பயனர்களையும் சேர்த்தது, ஒன்று எல்லாத் தயாரிப்புகளுக்கும் சேர்த்தது, ஒன்று இந்தத் தயாரிப்புக்குக் கட்டணம் செலுத்துவோர் மட்டும். படிக்கிறவருக்கு அது தெரியாது. அவர் மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்வார், மற்ற பதில்களையும் சந்தேகத்தோடு படிப்பார்.

இதற்கு ஒரு உண்மைத் தாள் தயார் செய்யுங்கள். கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் எண்ணிக்கை, இந்தத் தயாரிப்புக்கான ஆண்டு வருவாய், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா எனப் பிரிவுவாரிப் பங்கு, 1,000 ஊழியருக்கு மேல் உள்ள வாடிக்கையாளர் எண்ணிக்கை, மிகப் பெரிய நிறுவலின் அளவு, புதுப்பித்தல் விகிதம், தயாரிப்பில் வேலை செய்யும் பொறியாளர் எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் வரையறை, எந்தத் தேதி நிலவரம், யார் உறுதிசெய்தார் என்று எழுதுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை நிதிப் பிரிவின் கையெழுத்தோடு புதுப்பியுங்கள். வெளியே போகும் எந்த எண்ணும் இந்தத் தாளிலிருந்து மட்டுமே போக வேண்டும்.

குறைந்த விலையில் விற்கும் இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தாள் இன்னொரு விதத்திலும் தேவை. விலை குறைவாக இருந்தாலே 'சிறு நிறுவனங்களுக்கான பொருள்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அதை மறுக்க வார்த்தைகள் உதவாது. பெரிய நிறுவல்களின் எண்ணிக்கையும், அவற்றில் எத்தனை பேர் மூன்றாவது ஆண்டும் புதுப்பித்தார்கள் என்பதும் உதவும். விலை ஏன் குறைவு என்பதையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது: விற்பனை ஆட்கள் குறைவு, இணையவழி விற்பனை அதிகம், பொறியியல் குழு முழுக்கத் தமிழ்நாட்டில். காரணம் தெரியாத மலிவு விலைதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மதிப்பீட்டுக் காலம்

மேஜிக் குவாட்ரன்டுக்கு இரண்டு அச்சு. மேலே போவது செயல்படுத்தும் திறன், வலப்பக்கம் போவது தொலைநோக்கின் முழுமை. முதலாவதில் தயாரிப்பு, நிறுவனத்தின் நிலைத்தன்மை, விற்பனையும் விலையும், சந்தைக்கு ஈடுகொடுக்கும் வேகம், மார்க்கெட்டிங், வாடிக்கையாளர் அனுபவம், நிர்வாகச் செயல்பாடு என்று ஏழு அளவுகோல்கள். இரண்டாவதில் சந்தையைப் புரிந்திருப்பது முதல் புவியியல் உத்தி வரை எட்டு. ஒவ்வொன்றுக்கும் எடை உயர்வா, நடுத்தரமா, குறைவா என்பதை அறிக்கையிலேயே அச்சிட்டிருப்பார்கள். போன ஆண்டு அறிக்கையைத் திறந்து முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். எல்லோரும் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எடை உயர்வாக உள்ள அளவுகோலில் நாம் பலவீனம் என்றால், எடை குறைவான இடத்தில் எவ்வளவு மெருகேற்றினாலும் புள்ளி அசையாது. ஃபாரஸ்டர் வேவ் இந்த வகையில் இன்னும் தெளிவு. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் மதிப்பெண்ணும் அட்டவணையில் கிடைக்கும். எங்கே இழந்தோம் என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

சேர்ப்பு நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். வருவாய், வாடிக்கையாளர் எண்ணிக்கை, எத்தனை கண்டங்களில் விற்பனை, எந்தத் தேதிக்குள் எந்த வசதிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். கட்-ஆஃப் தேதிக்கு மறுநாள் வெளியான வசதி கணக்கில் வராது, பீட்டா எனும் சோதனைப் பதிப்பும் வராது. வெளியீட்டுத் தேதியை ஒரு வாரம் முன்னால் நகர்த்தியிருந்தால் போதும் என்று பிறகு வருந்துவதில் பயனில்லை. பொறியியல் தலைமைக்குக் கட்-ஆஃப் தேதி ஏறக்குறைய எப்போது வரும் என்று ஆறு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். போன ஆண்டுத் தேதியை வைத்துக் கணிக்கலாம். இன்னொன்று: நிபந்தனைகளுக்குப் பொருந்தும் நிறுவனம் பங்கேற்க மறுத்தாலும், பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்து மதிப்பிட்டுப் படத்தில் போட்டுவிடலாம். ஒதுங்கிக்கொள்வது ஒரு வழியல்ல.

கேள்வித்தாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருப்பது சாதாரணம். பதில்களுக்கு எழுத்து எண்ணிக்கை வரம்பு இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். 'தயாரிப்புக் குழு' என்று எழுதினால் யாரும் எழுத மாட்டார்கள். கிடைத்த நாட்களில் பாதியில் முதல் வரைவு முடிந்திருக்க வேண்டும். மீதியில் பாதி, ஒரே ஆள் எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்துவதற்கு. பத்துப் பேர் எழுதிய பதில்கள் பத்துக் குரலில் இருந்தால் முரண்கள் அதில்தான் ஒளிந்திருக்கும்.

பதிலின் முதல் வாக்கியத்திலேயே 'உண்டு', 'இல்லை', 'பகுதி உண்டு' என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவதில் எந்தப் பதிப்பில், எந்த மாதத்திலிருந்து. மூன்றாவதில் எத்தனை வாடிக்கையாளர் பயன்படுத்துகிறார்கள். இந்த மூன்றுக்குப் பிறகு இடம் இருந்தால் விளக்கம். 'எங்களின் முன்னோடித் தளம் தடையற்ற அனுபவத்தை வழங்குகிறது' என்று தொடங்கும் பதில் வரம்பில் பாதியைத் தின்றுவிடும். படிக்கிறவர் இருபது நிறுவனங்களின் அதே வாக்கியத்தைப் படித்துவிட்டு வந்திருப்பார். இல்லாததை 'இல்லை' என்று எழுதப் பயப்படாதீர்கள். நேர்மையான நான்கு 'இல்லை'கள்தான் மற்ற 'உண்டு'களுக்கு உயிர் கொடுக்கும்.

டெமோவுக்கு அவர்கள் காட்சிகளை வரிசையாகக் கொடுத்திருந்தால் அந்த வரிசையை மாற்றக் கூடாது. அவர் பக்கத்தில் மதிப்பெண் தாள் அதே வரிசையில் இருக்கும். நாம் தாவினால் அவர் தேட வேண்டும், தேடிக் கிடைக்காததற்கு மதிப்பெண் இல்லை. டெமோ கணக்கில் 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2', 'ஏபிசி லிமிடெட்' என்று தரவு இருக்கக் கூடாது. நிஜ நிறுவனம் போலப் பெயர்கள், இரண்டு ஆண்டுப் பதிவுகள், பத்தாயிரம் வரிசைகள் போட்டு வையுங்கள். இரண்டு ஒத்திகை அவசியம். இரண்டாவதில் உங்கள் பொறியாளர் ஒருவர் அனலிஸ்டாக உட்கார்ந்து குறுக்கே கேட்க வேண்டும். எல்லாம் போன பிறகும் கைகொடுக்க ஒரு பதிவு செய்த வீடியோ தயாராக இருக்கட்டும்.

அனலிஸ்ட் பேசிப் பார்ப்பதற்காக நாம் பெயர் தரும் பரிந்துரை வாடிக்கையாளர்கள் விஷயத்தில் ஆண்டுக் கடைசியில் ஓடிப் பயனில்லை. கேட்பது மூன்று பேரை என்றால் ஒன்பது பேர் தயாராக இருக்க வேண்டும். ஒருவர் வேலை மாறியிருப்பார், ஒருவரின் சட்டப் பிரிவு அனுமதிக்காது, ஒருவர் அந்த வாரம்தான் சர்வர் விழுந்து எரிச்சலில் இருப்பார். ஒரே வாடிக்கையாளரை ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று பாருங்கள்; மூன்று ஆண்டுப் பழைய பதிப்பைப் பயன்படுத்துபவர், நாம் எப்போதோ சரிசெய்த குறையை மனசாரச் சொல்வார். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு, அது தெரிந்தும்விடும். எது பற்றிய மதிப்பீடு, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கார்ட்னர் பியர் இன்சைட்ஸ், ஜி2 போன்ற தளங்களில் வரும் பயனர் விமர்சனங்களும் இப்போது எடை பெறுகின்றன. மதிப்பீட்டுக்கு முந்தைய மாதத்தில் திடீரென்று நாற்பது விமர்சனம் குவிந்தால் அதன் காரணம் யாருக்கும் புரியும். நிறுவல் முடிந்த 90-ஆம் நாள் தானாக ஒரு வேண்டுகோள் போகும்படி ஏற்பாடு செய்தால் ஆண்டு முழுக்க வந்துகொண்டிருக்கும். நல்லதாக எழுதினால் பரிசு என்ற நிபந்தனை கூடவே கூடாது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி அமைப்பின் விதி இதை வெளிப்படையாகவே தடை செய்கிறது.

வரைவு வந்த நாள்

வெளியீட்டுக்கு முன் நம்மைப் பற்றிய பகுதியை உண்மைச் சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள். சில வேலை நாட்களே அவகாசம். உறவுகள் உடைவதும் வலுப்படுவதும் இந்த நாட்களில்தான்.

வரைவைத் திறந்ததும் முதல் மணி நேரம் யாருக்கும் அனுப்பாதீர்கள். நிறுவனர் அதைப் படித்துக் கொதித்து நேராக ஆய்வு நிறுவனத் தலைமைக்கு எழுதிவிட்டால், பிறகு நாம் காட்டும் நியாயமான பிழைகூட அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகவே படிக்கப்படும். வாக்கியங்களை இரண்டாகப் பிரியுங்கள்: உண்மைக் கூற்று, கருத்து. 'இந்தத் தயாரிப்பில் ஒற்றை உள்நுழைவு வசதி இல்லை' என்பது உண்மைக் கூற்று. தவறு என்றால் ஆவணப் பக்கத்தின் இணைப்பு, வெளியான மாதம், கேள்வித்தாளில் எந்த எண் பதிலில் சொன்னோம் என்பதோடு எழுதுங்கள். 'விலை அமைப்பு சிக்கலாக இருப்பதாகச் சில வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்' என்பது அவர் கேட்டது. நாம் மறுக்க முடியாது. 'சில' என்பது உண்மையிலேயே இருவர்தான் என்று நமக்குத் தோன்றினாலும் அதைத் தொட வேண்டாம்.

பதிலை அட்டவணையாக அனுப்புங்கள்: வரைவில் உள்ள வாக்கியம், பிழை என்ன, ஆதாரம், பரிந்துரைக்கும் திருத்தம். மூன்று அல்லது நான்கு வரிசைகள். நாற்பது ஆட்சேபம் அனுப்பினால் முக்கியமான மூன்றும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

சந்தாவை ரத்து செய்வோம் என்ற மிரட்டல் வேலைக்கு ஆகாது, அது நம் பெயரையும் கெடுக்கும். நடைமுறையில் தவறு நடந்தது என்று உறுதியாக இருந்தால் கார்ட்னரில் அதற்கென்றே குறைதீர் அலுவலகம் உண்டு. அங்கே ஆதாரத்தோடு போகலாம். நீதிமன்றம் போனவர்களின் கதை தெரிந்ததே. மின்னஞ்சல் காப்பக மென்பொருள் செய்யும் இசட்எல் டெக்னாலஜீஸ், தன்னை இரண்டு அச்சிலும் கீழே உள்ள நிச் ப்ளேயர் கட்டத்தில் போட்டதை எதிர்த்து 2009-இல் வழக்குப் போட்டது, தள்ளுபடியானது. செயல்படுத்தும் திறனில் உயர்ந்து தொலைநோக்கில் பின்தங்கியவர்களுக்கான சேலஞ்சர் கட்டத்தில் வைக்கப்பட்ட நெட்ஸ்கவுட் 2014-இல் கனெக்டிகட்டில் வழக்குத் தொடுத்தது. 2020-இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் கார்ட்னர் பக்கமே தீர்ப்பளித்தது. புள்ளியின் இடம் ஒரு கருத்து, கருத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்பதே அடிப்படை. இரண்டு வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அத்தனை காலத்தையும் பணத்தையும் தயாரிப்பில் போடுவது மேல் என்பதே என் கணிப்பு.

வெளியான பிறகு

மேற்கோள் விதிகளைப் படிக்காமல் ஒரு வரிகூடப் பகிராதீர்கள். கார்ட்னர் ஆய்வை மேற்கோள் காட்டும் செய்திக் குறிப்புக்கு முன் அனுமதி வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும், கடைசி மணி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. படத்தை வெட்டுவது, போட்டியாளரை மறைப்பது, நம் புள்ளிக்கு வட்டம் போடுவது, 'கார்ட்னர் பரிந்துரைத்த நம்பர் 1' என்று எழுதுவது எல்லாம் விதிமீறல். முழு அறிக்கையை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மறுபதிப்பு உரிமம் தனியே வாங்க வேண்டும். விற்பனை ஆட்களின் கணினியில் கிடக்கும் பழைய ஆண்டுப் படங்களைத் தேடி அழிக்கச் சொல்லுங்கள்.

வாங்குபவர்கள் முதலில் படிப்பது பலங்களை அல்ல, எச்சரிக்கைகளை. அங்கே வழக்கமாக மூன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிப் பதில், ஓர் ஆதாரம், ஒரு வாடிக்கையாளர் பெயர் என்று வெளியான இரண்டு நாளுக்குள் விற்பனைப் பிரிவின் கையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை உண்மை என்றால் உண்மை என்றே சொல்லி, எப்போது சரியாகும் என்று தேதி சொல்வதுதான் எடுபடும்.

மற்ற செல்வாக்காளர்களைப் பற்றிச் சுருக்கமாக. டெவலப்பர்கள் வாங்கும் பொருள் என்றால் 2002 முதல் அந்த உலகத்தையே கவனிக்கும் ரெட்மங்க் போன்ற சிறு நிறுவனத்தின் சொல், பெரிய படத்தைவிட அதிகம் எடுபடும். அவர்களிடம் ஸ்லைடு எடுபடாது, மென்பொருள் நிரலும் ஆவணமும்தான். ஐ.டி. சேவை நிறுவனங்களுக்கு ஐஎஸ்ஜி போன்றவை முக்கியம். அவர்களே வாடிக்கையாளர் சார்பில் அவுட்சோர்சிங் ஒப்பந்தங்களுக்கு ஆலோசனை தருகிறார்கள். பணம் கொடுத்து யூடியூபரையோ லிங்க்ட்இன் எழுத்தாளரையோ பேச வைத்தால் அது விளம்பரம் என்ற அறிவிப்பு இருந்தாக வேண்டும். இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து எழுத வைத்த வெள்ளை அறிக்கையிலும் 'நிதியளித்தவர்' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டுப் பயன்படுத்துவது வாசகரை ஏமாற்றுவது.

அறிக்கை வெளியான இரண்டு வாரத்துக்குள் அதன் முதல் ஆசிரியரோடு ஒரு என்குவைரி வாங்குங்கள். கொண்டாட்டமோ வருத்தமோ இல்லாமல் மூன்று கேள்வி மட்டும்: எந்த அளவுகோலில் அதிகம் இழந்தோம், எங்கள் பதிலில் எது உங்களுக்கு நம்பும்படி இல்லை, அடுத்த ஆண்டு எந்த அளவுகோலின் எடை கூடும் என்று நினைக்கிறீர்கள். தயாரிப்புத் தலைவரையும் அந்த அழைப்பில் உட்கார வையுங்கள், நீங்கள் பிறகு போய்ச் சொல்வது வேறு, அவரே காதால் கேட்பது வேறு. கிடைத்த பதில்களை மறுநாளே தேதிகளோடு பொறியியல் தலைமைக்கும் சப்போர்ட் தலைமைக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த கட்-ஆஃப் தேதிக்கு அப்போது ஏழெட்டு மாதம்தான் மீதி இருக்கும்.